துணிதான் விலை, கூலி மலிவு: 1780களின் சீட்டிக் கவுன் தைப்பதற்கான கணக்குகள்

பழங்கால உடை தைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கவுனுக்குத் துணி வாங்கிவிடுகிறார்கள். கணக்கு அங்கேயே தப்பிவிடுகிறது. 1780களில் லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ ஒரு பெண் உடுத்திக்கொள்ளும் வரிசையில் கவுன் கடைசி. முதலில் லினன் உள்ளங்கி. அதன் மேல் ஸ்டேஸ் என்ற கச்சு. பிறகு இடுப்பில் கட்டும் பைகள், பாவாடையைப் பின்பக்கம் உப்பவைக்கும் பின்மெத்தை, இரண்டு மூன்று பாவாடைகள். கவுனின் ஒவ்வொரு அளவும் இவற்றின் மேல் வைத்து எடுக்க வேண்டியது. வெறும் உடம்பில் எடுத்த அளவுக்குத் தைத்த கவுன், கச்சு போட்ட பிறகு மார்பில் இறுக்கும், இடுப்பில் தொளதொளக்கும், பின்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

அந்தக் காலத் தையலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளாதார விஷயம் போதும். கவுன் தைத்த கூலியைவிடத் துணியின் விலை பல மடங்கு. அதனால் துணியை வெட்டி எறிய மாட்டார்கள். மடித்து உள்ளே தள்ளுவார்கள், கொசுவுவார்கள், துண்டு போட்டு ஒட்டுத் தைப்பார்கள். நாளைக்குப் பிரித்து வேறு மோஸ்தருக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் பாவாடைத் தையலைப் பெரிதாக, லேசாகப் போடுவார்கள். இன்றைய டெய்லரிங் இதற்கு நேர் எதிர்: துணி மலிவு, நேரம் விலை. வளைவாக வெட்டி, ஓவர்லாக் அடித்து முடிக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு இந்தக் கவுனைத் தொட்டால் அளவு சரியாக வந்தாலும் தோற்றம் வராது.

வருடம், ஊர், வசதி

இந்த மூன்றையும் துணி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ‘பதினெட்டாம் நூற்றாண்டு உடை’ என்று ஒன்று கிடையாது. 1740இன் அகலப் பாவாடையும் 1785இன் பின்பக்கம் உப்பிய பாவாடையும் ஒரே உடம்பில் சேராது. ஒரு ஓவியத்திலிருந்து கை, இன்னொன்றிலிருந்து கழுத்து என்று பொறுக்கி எடுத்தால் முப்பது வருட இடைவெளியை ஒரே கவுனில் தைத்துவிடுவோம். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆகிய அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள உடைகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒரே ஒரு கவுனைத் தேர்ந்தெடுங்கள். முதுகுப்பக்கப் படம் இருக்கும் கவுனாகப் பாருங்கள். ஓவியங்கள் முன்பக்கத்தைத்தான் காட்டும். இந்த உடையின் சூட்சுமம் முழுக்க முதுகில் இருக்கிறது.

வருடம் துணியையும் கட்டுப்படுத்தும். சீட்டி (சின்ட்ஸ்) என்ற பூப்போட்ட இந்தியப் பருத்தித் துணி ஐரோப்பியப் பட்டு, கம்பளி நெசவாளர்களின் வயிற்றில் அடித்ததால் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதைத் தடை செய்திருந்தது. இங்கிலாந்தில் 1721இல் போட்ட சட்டம், அச்சுப் பருத்தியை உடுத்துவதையே 1722 கிறிஸ்துமஸ் முதல் குற்றமாக்கியது; உள்நாட்டில் நெய்து அச்சடித்த பருத்திக்கு 1774இல்தான் வழி விட்டார்கள். தடையை மீறி உடுத்தியவர்கள் உண்டு. ஆனாலும் 1740இன் லண்டன் பெண்ணுக்குச் சீட்டிக் கவுன் தைத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிவரும். 1780களில் அந்தச் சிக்கல் இல்லை. ஹாலந்தில் தடையே இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் பழவேற்காட்டிலும் 1690 முதல் நாகப்பட்டினத்திலும் தலைமையிடம் வைத்துக்கொண்டு சோழமண்டலக் கரையிலிருந்து சீட்டியை ஏற்றி அனுப்பியது. நெதர்லாந்தின் வடக்கிலுள்ள ஃப்ரீஸ்லாந்துப் பெண்கள் உடுத்திய சீட்டி உடைகளில் பல இன்னும் பிழைத்திருக்கின்றன. நம் கரையின் துணியை வைத்துத் தைக்க விரும்புகிறவர்களுக்கு டச்சுப் பாணிதான் மிகவும் இயல்பாகப் பொருந்தும்.

அந்தச் சீட்டி கையால் வரைந்தது. படிகாரம் தடவிய இடத்தில் சாயவேர் சிவப்பாகப் பிடிக்கும்; இரும்புக் கரைசல் தடவிய இடம் கறுக்கும்; நீலம் தேவைப்படாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். முடிவில் கஞ்சி போட்டுத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். இன்று கடையில் தேடும்போது இந்த நிறக் குடும்பத்தை மனதில் வையுங்கள்: மங்கிய சிவப்பு, இளஞ்சிவப்பு, அவுரி நீலம், கறுப்புக் கோடு, நீலத்தின் மேல் மஞ்சள் பூசிக் கிடைத்த பச்சை. வெள்ளைத் தரையில் வளைந்து ஓடும் கொடியும் பூவும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆந்திராவின் பெடனா ஊர் அச்சுக் கலம்காரி நல்ல தேர்வு, ஆனால் தரை மிகவும் பழுப்பாக இருந்தால் தோற்றம் மாறிவிடும். யானை, மயில், கோபுரம், மாங்காய் வரிசை வேண்டாம். பளீர் ஊதாவும் வேண்டாம். செயற்கைச் சாயம் 1856இல்தான் வந்தது. பூவின் அளவு உள்ளங்கைக்குள் அடங்கினால் மேல்சட்டையின் சிறு துண்டுகளில் பாதிப் பூவாவது தெரியும். அதைவிடப் பெரிதென்றால் தலையணை உறை தைத்த மாதிரி வெறும் இலைதான் மிஞ்சும்.

ஏறத்தாழ 160 செ.மீ. உயரமும் 75 செ.மீ. இடுப்பும் உள்ளவருக்கு வாங்க வேண்டிய அளவு: கவுனுக்கு 110 செ.மீ. அகலத்தில் ஐந்தரை மீட்டர். மேல் பாவாடைக்கு அதே அகலத்தில் மூன்று மீட்டர். உள்ளங்கிக்கு 147 செ.மீ. அகல லினன் இரண்டரை மீட்டர். கவுன் லைனிங்குக்கு லினன் ஒரு மீட்டர். கச்சுக்குக் கெட்டியான துணி ஒன்றரை மீட்டர். உள்பாவாடைக்கு இரண்டரை மீட்டர். மாதிரி தைத்துப் பார்க்கக் காடா துணி நான்கு மீட்டர். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எல்லாத் துணியையும் வெந்நீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோல். புதுப் பருத்தி மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் சுருங்கும்.

கை வேலை மட்டும் என்றால் உள்ளங்கிக்குப் பன்னிரண்டு மணி நேரம், கச்சுக்கு ஐம்பது, பாவாடை ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு, கவுனுக்கு நாற்பது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உடையைப் போடப்போகும் விழாவின் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நேரம் போதாது என்று தெரிந்தால் கச்சில் விறைப்புக் கீற்றுகளைச் செருகும் நீளமான தடங்களை மெஷினில் அடிப்பது தவறே இல்லை. உள்ளே மறையும் தையல் எதையும் மெஷினில் போடலாம். வெளியே தெரியும் தையல் மட்டும் கையாக இருக்கட்டும். மெஷின் தையல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சரக்கு, பத்தடி தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். நூலைத் தேன்மெழுகில் இழுத்து, காகிதத்துக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை அழுத்தினால் முடிச்சு விழாது.

உள்ளங்கி

இதில் வளைவே கிடையாது. கழுத்தைத் தவிர எல்லாம் சதுரமும் செவ்வகமும் முக்கோணமும்தான். முன்னும் பின்னும் சேர்த்து ஒரே நீளத் துண்டு, 70 செ.மீ. அகலம், தோளில் மடித்துப் போட்டால் முழங்காலுக்குக் கீழே வர வேண்டும். கீழே விரிய, மேல்பகுதியின் பக்கத்திலிருந்து சாய்வாக வெட்டிய முக்கோணத்தைக் கீழ்ப்பகுதியில் ஒட்டுவார்கள். ஒரு துளித் துணியும் வீணாகாது. அக்குளில் 12 செ.மீ. சதுரத் துண்டு. இந்தச் சதுரம் இல்லாமல் தைத்தால் கை தூக்கியதும் அக்குளில்தான் முதலில் கிழியும். கையின் சுற்றளவை மேற்கையைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் மட்டும் கூட்டுங்கள். அகலமாக விட்டால் கவுனின் ஒட்டிய கைக்குள் அது சுருண்டு கட்டி கட்டியாகத் தெரியும். தையலைச் சென்டிமீட்டருக்கு நான்கைந்தாகப் போட்டு, ஓரத்தை மடித்து அமுக்கித் தைத்துவிடுங்கள். அடிக்கடி துவைபடும் உடை இது ஒன்றுதான்.

கச்சு

இதில்தான் முழு உடையும் நிற்கிறது அல்லது கவிழ்கிறது. கச்சு இடுப்பை ஒடுக்கத்தான் என்று நினைத்து எட்டுப் பத்து சென்டிமீட்டர் குறைத்து வெட்டுகிறவர்கள் உண்டு. அதன் வேலை உடம்பை ஒரு கூம்பாக, முன்பக்கம் வழுவழுப்பாக, முதுகு நேராக நிறுத்துவது. இடுப்பில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறைந்தால் போதும். முதுகுக் கயிற்றுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள். முதல் நாளே இரண்டு ஓரமும் முட்டிக்கொண்டால், துணி இளகிய பிறகு இறுக்க இடமே இருக்காது.

அந்தக் காலத்தில் திமிங்கிலத்தின் வாயில் தொங்கும் தகடுகளைக் கீற்றாக்கிச் செருகினார்கள். இன்று அதே வளைவுத் தன்மையோடு ஜெர்மனியில் செய்யும் பிளாஸ்டிக் கீற்று கிடைக்கிறது, விலை கூடுதல். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தடிமனான கேபிள் டை ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். 4.8 மி.மீ. அகலம் போதும், நடு முன்புறமும் கயிற்றுத் துளைகளின் இருபக்கமும் மட்டும் 7.6 மி.மீ. அகலம் வையுங்கள். வளைந்து வரும் டையை வெந்நீரில் போட்டு, எடுத்து, பலகைக்கு அடியில் வைத்தால் நேராகும். முனையை வட்டமாக வெட்டி உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் ஒரு மாலைக்குள் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

இரண்டு அடுக்குக் கெட்டித் துணியைச் சேர்த்து வைத்து, அவற்றுக்கு நடுவே தடங்கள் அடிக்க வேண்டும். தடத்தின் அகலம் கீற்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். இறுக்கமாக அடித்தால் கீற்று நுழையாது. தளர்வாக இருந்தால் உள்ளே திரும்பிக்கொண்டு கத்தி மாதிரி நிற்கும். முழுத் துணியையும் சாம்பிளாக எடுக்காமல், முதலில் ஒரு சாண் துண்டில் மூன்று தடம் அடித்துக் கீற்றைச் செருகிப் பாருங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கீற்று நுழையும்போது தட்டையாக இருந்த துணி கொஞ்சம் உருண்டு எழும்பும். ஒவ்வொரு தடமும் மயிரிழை அளவு துணியைத் தின்னும். நெருக்கமாகக் கீற்று வைத்த கச்சு மொத்தச் சுற்றளவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சுருங்கிவிடும். இதை வெட்டும்போதே சேர்க்க வேண்டும். 1780களின் கச்சுகளில் பல, பாதிக் கீற்று மட்டும் வைத்தவை. புதிதாகத் தைப்பவருக்கு அந்த வகையே வேலையிலும் அளவிலும் வசதி.

இடுப்புக்குக் கீழே கச்சு பட்டை பட்டையாகப் பிளந்து இடுப்பெலும்பின் மேல் விரியும். அந்தப் பிளவின் உச்சி இடுப்பின் மிக ஒடுங்கிய இடத்தில் துல்லியமாக முடிய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கீழே முடிந்தாலும் இடுப்பெலும்பை அறுக்கும். அரைமணி நேரத்தில் கழற்றி எறியத் தோன்றும். அதிகமாக மேலே போனால் கச்சு நழுவி ஏறிக்கொண்டே இருக்கும். இதைக் கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியாது. காடா துணி மாதிரியில் டேப் போட்டு நாலைந்து கீற்றுகளை ஒட்டி, கயிறு இறுக்கி, நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முன்முனை தொடையில் இடித்தால் நீளம் அதிகம். அக்குளில் குத்தினால் அங்கே மட்டும் அரை சென்டிமீட்டர் இறக்குங்கள். ஒரேயடியாக இறக்கினால் அக்குள் சதை அதன் மேல் வழியும்.

கயிற்றுத் துளைக்கு உலோக வளையம் வேண்டாம். அது அடுத்த நூற்றாண்டில் வந்தது. அதோடு இழுவிசையில் துணியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பஞ்ச் கருவியால் துளையிட்டால் நூல்கள் அறுந்துவிடும். செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் குத்தூசியால் நூல்களை விலக்கி ஓட்டை போட்டு, சுற்றிலும் இரட்டை நூலால் நெருக்கமாகச் சுற்றித் தையுங்கள். நடுவில் ஓட்டை மூடிக்கொண்டு வந்தால் மறுபடி குத்தூசியைச் செருகித் திருகுங்கள். துளைகளுக்கு இடையே இரண்டு சென்டிமீட்டர். கயிறு ஒன்றுதான், சுருள் மாதிரி ஏறும், ஷூ லேஸ் மாதிரி குறுக்கே மறுக்கே அல்ல. அதனால் இரண்டு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. அரை இடைவெளி தள்ளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் மட்டும் இரண்டு துளைகளை அருகருகே வைத்தால் ஓரங்கள் சமமாக நிற்கும்.

ஓரத்துக்கு நாடா கட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். பிளவுகளின் உச்சியில் மூன்று மில்லிமீட்டர் கூடத் துணி இல்லாத இடத்தில் நாடா வளைய வேண்டும். மெல்லிய ஆட்டுத்தோல் வளைந்து கொடுக்கும். பருத்தி நாடா என்றால் ஈரப்படுத்தி வளையுங்கள். லைனிங்கை எல்லாம் முடிந்த பிறகு தனியாகப் போட்டு லேசாகத் தைத்தால் அழுக்கானதும் கழற்றி மாற்றலாம்.

பின்மெத்தையும் பாவாடையும்

மெத்தை பிறை வடிவம், ஐம்பது சென்டிமீட்டர் நீளம், நடுவில் பதினைந்து முதல் இருபது சென்டிமீட்டர் அகலம். இலவம்பஞ்சு கனமில்லாமல் இருக்கும், ஆனால் நாலு தடவை உட்கார்ந்தால் அமுங்கிவிடும். கெட்டியாகத் திணிக்க வேண்டும். கம்பளி கிடைத்தால் மேல். வெட்டித் துணியைத் திணித்தால் கனத்தில் நாடா வயிற்றை அறுக்கும்.

பாவாடையின் ரகசியம், கீழ் ஓரம் எப்போதும் நேர்க்கோடு என்பதுதான். பின்மெத்தையின் மேல் ஏறி இறங்குவதால் பின்பக்கம் நீளம் கூடுதலாக வேண்டும். இன்றைய டெய்லர் அதைக் கீழே வளைவாக வெட்டிச் சரிசெய்வார். அன்றைக்கு மேலே சரிசெய்தார்கள். கச்சும் மெத்தையும் அணிந்து, இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொள்ளுங்கள். பாவாடைத் துணியை அந்த நாடாவுக்கு அடியில் செருகி, கீழ் ஓரம் சுற்றிலும் தரையிலிருந்து எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்வரை உதவிக்கு ஒருவரை வைத்து இழுத்துவிடச் சொல்லுங்கள். நாடாவுக்கு மேலே மிஞ்சுவதை வெட்டாமல் உள்ளே மடியுங்கள். முன்னால் ஏழெட்டு சென்டிமீட்டர் மடியும், பின்னால் எதுவுமே மடியாது. அச்சு வரிசை கீழ் ஓரத்துக்கு இணையாக ஓடும், துணியும் முழுசாக இருக்கும்.

கொசுவத்துக்குக் கணக்கு போட்டுக்கொள்வது நல்லது. பாவாடைக்கு முன் ஒரு பலகம் (அகலத் துண்டு), பின் ஒரு பலகம். 140 செ.மீ. அகலப் பலகத்தை 37 செ.மீ. பாதி இடுப்புக்குள் அடக்க வேண்டும் என்று வைப்போம். முன்னால் நடுவில் 12 செ.மீ. தட்டையாக விட்டால், மிச்சம் 128 செ.மீ. துணி 25 செ.மீ. இடத்துக்குள் போக வேண்டும். வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் தெரியும்படி மடித்தால் சுமார் பதினேழு மடிப்பு; ஒவ்வொன்றும் உள்ளே மூன்று சென்டிமீட்டர் ஆழம். இருபக்கமும் ஓரத்தை நோக்கி மடியுங்கள். சேலைக் கொசுவம் மாதிரி மேல் ஓரம் சமமாக நின்றால்தான் கீழே விழும் மடிப்பும் ஒழுங்காக விழும். பின்பலகத்தின் நாடாவை முன்னால் கட்டி, முன்பலகத்தின் நாடாவைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டுவார்கள். பக்கங்களில் 25 செ.மீ. தைக்காமல் விட்டால் உள்ளே கட்டிய பைக்குக் கை போகும். இந்த ஏற்பாட்டில் இடுப்பு நாலு விரல் கூடினாலும் குறைந்தாலும் பாவாடையைப் பிரிக்க வேண்டியதில்லை. மேல் பாவாடையின் பின்பலகத்தைக் கவுன் மறைத்துவிடும். அன்றைக்கு அந்த இடத்தில் மலிவான துணியை ஒட்டினார்கள், நாமும் ஒட்டலாம்.

கவுன்

மேல்சட்டைக்கு ஆறு துண்டு: நடு முதுகு இரண்டு, பக்க முதுகு இரண்டு, முன் இரண்டு. தோள்பட்டை தனி. நடு முதுகு இடுப்புக்குக் கீழே கூராக இறங்கும். காகிதப் பேட்டர்ன் கிடைத்தாலும் அதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வையுங்கள். அன்றைய தையல்காரப் பெண்கள் லைனிங் துணியை வாடிக்கையாளரின் உடம்பிலேயே குண்டூசி குத்தி வெட்டினார்கள். அதுவே இன்றும் சீக்கிரம் முடியும் வழி. லைனிங்கைப் பக்கங்களில் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, கச்சின் மேல் போட்டு, முன்னிருந்து முதுகை நோக்கி நீவிக்கொண்டே குத்துங்கள். நீவ வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்துக் குத்திய லைனிங் கழற்றியதும் சுருங்கிப் பழைய இடத்துக்குப் போய்விடும்.

இடுப்புக்கு மேலே படுக்கை வாட்டில் மடிப்பு விழுந்தால் சட்டை நீளம் அதிகம். தோள்பட்டையில் தூக்கிச் சரிசெய்யாதீர்கள். கீழ் ஓரத்தை மேலே ஏற்றுங்கள். அக்குளிலிருந்து மார்புக்குச் சாய்வாக மடிப்பு ஓடினால் அக்குள் குழி சிறிதாக இருக்கிறது, கால் சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே வாருங்கள். இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு, வசதியாக இருக்கட்டும் என்று குழியை ஆழமாக வெட்டிவிடுவது. நடப்பது தலைகீழ். குழி இறங்க இறங்கக் கை தூக்கும்போது முழுச் சட்டையும் கூடவே எழும். அக்குளை ஒட்டிய சிறு குழியில்தான் கை தாராளமாக அசையும். ரவிக்கை நன்றாகத் தைக்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

லைனிங் சரியாக நின்ற பிறகு அதைப் பிரித்து அதன் அளவிலேயே சீட்டியை வெட்டுங்கள். லைனிங்கை முதலில் மூட்டிவிட்டு, அதன் மேல் சீட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, நடுத்துண்டின் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் மடித்துப் பக்கத்துண்டின் மேல் ஏற்றி, வெளிப்பக்கத்திலிருந்து புள்ளி புள்ளியாகத் தையுங்கள், சென்டிமீட்டருக்கு மூன்று. புள்ளி வெளியே தெரியும். தெரியட்டும், பழைய கவுன்களிலும் தெரிகிறது.

கை முழங்கையைத் தாண்டி ஒட்டியபடி வரும். முழங்கைப் பக்கம் இரண்டு சிறு மடிப்பு வைத்து வளைக்காவிட்டால் கையை மடக்க முடியாது. அக்குளின் கீழ்ப்பாதியை மட்டும் சட்டையோடு உள்ளிருந்து கெட்டியாகப் பின்தையல் போட்டு மூட்டுங்கள். மேல்பாதியைத் தைக்காமல் அணிந்துகொண்டு, தோள்பட்டை லைனிங்கின் மேல் கையின் தலையைப் பரப்பி, மிஞ்சிய துணியைத் தோளின் பின்பக்கம் இரண்டு மூன்று மடிப்பாக அடக்கிக் குத்தவும். அதன் மேல் சீட்டித் தோள்பட்டையை வைத்து மூடித் தைத்தால் எல்லா ஓரமும் மறையும். தரையில் விரித்து வைத்துத் தைத்த கை இந்த உடைக்கு ஒருபோதும் உட்காராது. துணி போதவில்லையென்றால் கையின் உட்புறத்தில் ஒட்டுப் போடுங்கள். பூ பொருந்த வேண்டிய அவசியம்கூட இல்லை.

கவுனின் கீழ்ப்பகுதிக்கு மூன்று பலகம், மொத்தம் 330 செ.மீ. முன்னால் திறந்திருக்கும். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் தள்ளித்தான் கவுன் பாவாடை தொடங்கும். ஆக 330 செ.மீ. துணி சுமார் 56 செ.மீ. இடத்துக்குள் போக வேண்டும், கிட்டத்தட்ட ஆறுக்கு ஒன்று. நடுமுதுகில் மடிப்பு அரை சென்டிமீட்டர்தான் வெளியே தெரியும். பக்கத்துக்கு வர வர ஒரு சென்டிமீட்டர். மேல் ஓரத்தை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே மடித்து, மடிப்புகளை இரண்டு வரிசை ஓட்டுத்தையலால் பிடித்துவிட்டு, சட்டையின் முடித்த ஓரத்தில் ஒவ்வொரு மடிப்பின் உச்சியையும் தனித்தனியாகப் பிடித்துத் தையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி மெஷினுக்கு அடியில் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு அடுக்கில் ஊசி உடையும், மடிப்பும் படுத்துவிடும். நீளத்தை இங்கேயும் பாவாடை மாதிரியே மேலே சரிசெய்ய வேண்டும், மெத்தையும் பாவாடைகளும் அணிந்த நிலையில். பலகங்களை மூட்டும் தையல் சென்டிமீட்டருக்கு இரண்டு, மூன்று போதும். கெட்டியாகப் போட்டால் ஓரம் சுருக்கிக்கொண்டு தொங்கும்.

முன்பக்கம் பொத்தான் இல்லை. இரண்டு ஓரமும் தொட்டுக்கொண்டு நிற்க, குண்டூசியால் கச்சின் மேல் அடுக்கோடு சேர்த்துக் குத்திவிடுவார்கள், எட்டு முதல் பத்து ஊசி. ஊசி துணிக்குள் நுழைந்து, கச்சைக் கொஞ்சம் கவ்வி, மறுபடி துணிக்குள் நுழைந்து முனை உள்ளேயே முடிய வேண்டும். பிளாஸ்டிக் தலை வைத்த ஊசி வேண்டாம். தினமும் குத்திக்கொள்ளப் பயமாக இருந்தால் ஹூக்குகளை ஒன்றுவிட்டு ஒன்று திசை மாற்றித் தையுங்கள். ஒரே திசையில் தைத்தால் கொஞ்சம் தளர்ந்ததும் எல்லாம் சேர்ந்து கழன்றுவிடும். கழுத்தைச் சுற்றி 90 செ.மீ. சதுர மல் துணியைக் குறுக்கே மடித்துப் போட்டு முனைகளைச் சட்டைக்குள் செருகினால் கழுத்து ஓரத்தில் இருக்கும் சின்னக் குறைகளை அது பார்த்துக்கொள்ளும்.

உடுத்தும்போது காலுறையும் ஷூவும் கச்சுக்கு முன்பே. கயிறு இறுக்கிய பிறகு குனிந்து பக்கிள் மாட்டுவது நடக்காது. கவுனைத் துவைக்காதீர்கள், உள்ளங்கி வியர்வையை வாங்கிக்கொள்ளும். கழற்றியதும் அக்குள் பக்கத்தை உட்புறம் வெளியே திருப்பி, நிழலில், மின்விசிறிக்குக் கீழே ஓரிரவு போட்டு வையுங்கள். ஹேங்கரில் தொங்கவிட்டால் ஐந்தரை மீட்டரின் கனமும் தோள்பட்டையில் இறங்கித் தையல் விட்டுப்போகும். பழைய வேட்டியில் சுற்றி, மடிப்பு விழும் இடங்களில் துணியை உருட்டி வைத்து, பெட்டியில் கிடத்திவிடுங்கள்.